அமெரிக்க நெடுஞ்சாலையில் துடக்குச் சாப்பாடு

1

யாழ்ப்பாணத்தில் வார இதழ் நடத்தும் பழைய நண்பர் மறுபடியும் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். சென்ற வருடம் நாங்கள் அமெரிக்காவில் காரில் சுற்றியதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். 'அமெரிக்கப் பயணத்தில் மறக்க முடியாத உணவகங்கள்' என்று தலைப்பையும் அவரே வைத்துவிட்டார். படம் இருந்தால் நல்லது, சாப்பாட்டுப் படமாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். ஒரு காலத்தில் நானும் அதே மாதிரி மேசையில் இருந்து, கட்டுரை வருமுன்னரே தலைப்பு வைத்தவன். ஆகவே கோபிக்க எனக்கு உரிமை இல்லை. எரிச்சல் மட்டும் வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்த நாள் முழுவதும் நானும் என் மனைவியும் இறைச்சி, மீன், முட்டை எதையும் தொடவில்லை. பொரித்த கோழிக்கும் மாட்டிறைச்சிக்கும் பெயர்போன சாலையில், சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, காத்துக்கொண்டு போய் வந்த இருவரிடம் உணவகங்களைப் பற்றி எழுதச் சொல்வது, மாரிகாலத்தில் போய் வந்தவனிடம் நட்சத்திரங்களைப் பற்றி எழுதச் சொல்வது போன்றது.

ஆனாலும் எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை நடராசா அண்ணைக்கு ஆட்டத்திவசம். என் பெரியப்பாவின் மகன். எங்கள் அமெரிக்கச் சாப்பாட்டைத் தீர்மானித்தது அவருடைய சாவுதான். இங்கே சுவிசில், வின்டர்தூரில், திவசச் சமையலுக்கு நாள் வைப்பதென்றால் பஞ்சாங்கத்தோடு கட்டடத்தின் சலவை அட்டவணையையும் பார்க்கவேண்டும். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. மூன்றாம் மாடிப் பெண்மணியுடன் நாளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் காரணம் கேட்பார். இறந்து ஒரு வருடமான ஒருவருக்கு எதற்காகச் சமைக்கிறீர்கள் என்று அடுத்ததாகக் கேட்பார். என் ஜெர்மன் உருளைக்கிழங்கு, வெண்ணெய், வதிவிட அனுமதி ஆகியவற்றுக்குப் போதுமானது. பிதிர்களுக்குப் போதாது.

சனிக்கிழமை மகள் அபியும் வருகிறாள். அவள் வரவேண்டிய கட்டாயம் இல்லை என்று மனைவி சாந்தி சொல்கிறாள். பெரியப்பா முறையானவரின் திவசத்துக்கு வர அவளுக்கு ஏன் கட்டாயம் இல்லை என்ற கேள்விக்கு விடை, இந்தியானா மாநிலத்துச் சாலையோரக் கடை ஒன்றில் இருக்கிறது. அதற்கு இன்னும் தூரம் போகவேண்டும்.

2

அபி இங்கே பிறந்தவள். சூக்கில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை. அவளுக்கு ரேத்தோ என்று ஒருவன். ஆராவ்காரன், சுவிஸ் பிள்ளை, தொழிற்பள்ளியில் மின்வேலை படிப்பிக்கிறான். மூன்று வருடமாக எங்களுக்குத் தெரியும். இரண்டு முறை வீட்டுக்கு வந்து, இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவனைக் கட்டட்டுமா என்று அபி கேட்டபோதெல்லாம் தாய் சொன்ன மறுமொழி ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பம்."

சுவிசில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சித்திரவதை இல்லை. இங்கே எந்த அலுவலகமும் ஓம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லும். இல்லை என்றால், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்பதும் அடியில் இருக்கும். பாப்பம் என்பதற்கு மேன்முறையீடு கிடையாது. அபி என்னிடம் வந்தால் நான் அம்மாவிடம் கேள் என்பேன். அதுவும் பாப்பத்தின் இன்னொரு பிரதிதான்.

எங்கள் திருமணத்தின் முப்பதாம் ஆண்டுக்கு அபி தந்த பரிசு அந்தப் பயணம். அதிலும் ஒரு தகராறு. எங்களுக்குத் திருமண நாள் இரண்டு. நான் இங்கிருந்து சிறு விடுப்பில் கொழும்புக்குப் போய் எழுத்து முடித்தேன். அதாவது பதிவுத் திருமணம். தாலிக்கு நல்ல நாள் என் விடுப்பு முடிந்த பிறகுதான் வந்தது. நான் வேலைசெய்த உணவக முதலாளிக்குப் பஞ்சாங்கம் விளங்கவில்லை. விசா கிடைத்துச் சாந்தி இங்கே வந்துசேர இரண்டு வருடமாயிற்று. தாலி வின்டர்தூரில், வாடகை மண்டபம் ஒன்றில், வெளியே பனி கொட்ட ஏறியது. சுவிஸ் அரசுக்கு எழுத்து நாள்தான் கணக்கு. சாந்திக்குத் தாலி நாள். ஆகவே அபி விமானச் சீட்டைக் காட்டி முப்பது என்றபோது தாய் உடனே திருத்தினாள்.

"இருபத்தெட்டு. எழுத்து எண்டுறது விசாவுக்கு எழுதுறது. அது கலியாணமோ?"

அபி சீட்டைத் திரும்ப உறையில் போட்டாள்.

அவள் திட்டம் எனக்குத் தெரியும், என்னிடம் சொல்லியிருந்தாள். நியூ ஜெர்சியில் கார் எடுத்துச் சிக்காகோ வரை போவது. வழியில் அவள் பொறுக்கி வைத்த பழைய சாலையோர உணவகங்கள். நாள்தோறும் ஒரே காரில், ஒரே மேசையில் இருந்தால் அம்மா ஏதாவது ஒரு மறுமொழி சொல்லித்தானே ஆகவேண்டும். சாந்தியின் திட்டமும் எனக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் அவள் தங்கை வீடு. ஒஹாயோவில் ஒன்றுவிட்ட தமையன் வீடு. சிக்காகோவில் கூடப்படித்த சிநேகிதி வீடு. அந்தச் சிநேகிதிக்குக் கணினித்துறையில், கலியாணமாகாத ஒரு மகன். சாலை ஒன்று, வரைபடம் இரண்டு. நான் சாரதி.

3

தங்கை வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் என்று சாந்தி பயத்தம்பணியாரமும் முறுக்கும் பருத்தித்துறை வடையும் பெட்டி நிறையச் செய்து எடுத்தாள். வழிக்கு வறுத்த மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் மேலே ரைஸ் குக்கர். அமெரிக்க மின்சாரம் வலு குறைந்தது, அந்தக் குக்கர் அங்கே வேலைசெய்யாது என்று ரேத்தோ அபியிடம் சொல்லி அனுப்பினான். சாந்தி அதைக் கேட்டு, செருகி மாற்றும் அடப்டர் ஒன்று வாங்கிக்கொண்டாள். செருகியின் வடிவத்தை மாற்றினால் மின்சாரமும் மாறிவிடும் என்று நம்பியவள் அவள் மட்டுமல்ல. நானும்தான். ரேத்தோ சொன்னது சரியாகிவிடக்கூடாது என்ற நினைப்பும் வீட்டில் இருந்தது.

அமெரிக்க விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பயத்தம்பணியாரம் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, இது விதையா, நட்டால் முளைக்குமா என்று கேட்டார். சாந்திக்கு அவமானம். அவள் பணியாரம் அவ்வளவு கடினம் இல்லை.

பெட்டிகளை மீட்டு வெளியே வந்து தொலைபேசியைத் திறந்தபோது செய்தி இருந்தது. நடராசா அண்ணை போய்விட்டார். எங்கள் பத்திரிகையின் அச்சுப்பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு, அலுவலகத்துக்கே கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போகும் மனிதர். அவரைப் பார்த்துப் பல வருடம். நான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றேன். சாந்தி உடனே கணக்குப் பார்த்தாள். என் தகப்பன் வழி, பங்காளி. முப்பத்தொரு நாள் துடக்கு. மூன்று பேருக்கும்.

அவள் தங்கைக்கு அழைத்தாள். தங்கை வீட்டில் அடுத்த கிழமை மூத்த பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித விழா. மண்டபம் எடுத்து, மணவறைக்காரருக்கும் சொல்லியாயிற்று. அண்ணை நல்ல மனிதர் என்று தங்கை நெடுநேரம் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"அக்கா, உங்களை வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் என்ன செய்யலாம் எண்டு யோசிக்கிறியள்?"

ஒருவரை வாசலில் நிறுத்த இதைவிட மரியாதையான வாக்கியம் தமிழில் இல்லை. ஒஹாயோத் தமையன் வீட்டில் கந்தசஷ்டி விரதம் தொடங்கப் போகிறது. சிக்காகோவில் நடக்கவிருந்தது நல்ல காரியம். அதற்குத் துடக்கோடு போக முடியாது. கால் மணி நேரத்தில் சாந்தியின் வரைபடம் முழுவதும் அழிந்துவிட்டது. பலகாரத்தைக்கூடக் கொடுக்க முடியாது, துடக்கு வீட்டுப் பலகாரம். பெட்டி நிறையப் பணியாரத்தோடு வாடகைக் காரின் பின்பக்கத்தை மூடினேன்.

"அப்ப கடையிலதான் சாப்பிடவேணும்," என்றாள் அபி. மரக்கறி மட்டும் என்று தாய் சொன்னதற்கும் சரி என்றாள். கேள்வி கேட்காமல் ஒரு மந்திரி ஒப்புக்கொண்டால் அதற்குள் செய்தி இருக்கிறது என்று என் பழைய ஆசிரியர் சொல்வார். பயணக் களைப்பில் அந்தச் செய்தியை நான் தவறவிட்டேன்.

4

நண்பர் கேட்ட முதலாவது மறக்க முடியாத உணவகம் நியூ ஜெர்சியில் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. வெளியே தகரம் பளபளத்தது. உள்ளே சிவப்பு இருக்கைகள். உணவுப் பட்டியல் தொலைபேசிப் புத்தகத்தின் பருமன். அதில் முட்டையோ இறைச்சியோ இல்லாத பக்கம் கடைசிப் பக்கம். அங்கே கடை திறக்கும் நேரம் இருந்தது.

பணிப்பெண் வந்து கேள்விகளைத் தொடங்கினாள். என்ன பாண்? வெள்ளையா, தவிட்டுப் பாணா, ரை மாவா, புளித்ததா? வாட்டவா? வெண்ணெய் மேலேயா, பக்கத்திலேயா? உருளைக்கிழங்கு துருவியா, துண்டாகவா? ஒவ்வொரு மறுமொழியும் இன்னொரு கேள்வியைப் பெற்றது. நான் சுவிசுக்கு வந்து அகதி முகாமில் கொடுத்த முதல் வாக்குமூலம் இதைவிடச் சுருக்கம். அங்கே குறைந்தது மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

இறைச்சி வேண்டாம் என்றோம். கோழி? வேண்டாம். மீன்? வேண்டாம். முட்டை? சாந்தி பொறுமையிழந்து தன் ஆங்கிலத்தில் நேரடியாகச் சொன்னாள், குடும்பத்தில் சாவு, முட்டை இல்லை. பணிப்பெண்ணின் முகம் மாறியது. சாந்தியின் தோளில் கைவைத்து மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். சற்று நேரத்தில், கடையின் அன்பளிப்பு என்று ஒரு தட்டு நிறையப் பான்கேக் கொண்டுவந்து வைத்தாள். அனுதாபப் பான்கேக். அதில் முட்டை இருக்கிறது என்று சமையல்காரனான எனக்குத் தெரியும். சாப்பிடவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது துருவிப் பொரித்த உருளைக்கிழங்கு. அதைக் கண்டதும் எனக்கு வந்த எரிச்சலை வின்டர்தூர்க்காரர் மட்டுமே விளங்கிக்கொள்வார்கள். அது றோஸ்டி. புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு ஏறி, இத்தனை வருடமாக நாள்தோறும் நான் துருவிப் பொரித்துத் தட்டில் கவிழ்க்கும் அதே றோஸ்டி. அத்திலாந்திக் கடலைக் கடந்து போய் என் சொந்த வேலையைச் சாப்பிட்டேன். அதுவும் நன்றாகப் பொரியவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் நானும் சாந்தியும் வழக்கம்போலத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரண்டிகளை மேலே வைத்து, மேசையைத் துடைத்துவிட்டோம். சாந்தியும் ஆரம்பத்தில் சூக்கில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவள். எங்கள் இருவருக்கும் உணவகத்தில் இருக்கத் தெரியாது, வேலைசெய்யத்தான் தெரியும். அபி மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்கோ அம்மா. அவையின்ர வேலையைப் பறிக்காதேங்கோ."

5

இதை எழுதிக்கொண்டிருப்பது மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் வரும் சம்பளமில்லாத இடைவேளையில். இதற்கென்றே ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது, சிம்மர்ஷ்டுண்டே. வீட்டுக்குப் போனால் திரும்பி வர நேரம் போதாது, போகாவிட்டால் செய்ய ஒன்றுமில்லை. பின்கதவுப் படியில் இருந்து எழுதுகிறேன். உள்ளே பெரிய சட்டியில் நாளைக்கான கிழங்கு அவிகிறது.

பென்சில்வேனியாவில் ஓர் இடம். முன்பின் தெரியாதவர்களோடு நீண்ட மேசையில் இருந்து, பாத்திரங்களைக் கைமாற்றிச் சாப்பிடும் பண்ணைச் சாப்பாடு. எங்கள் பந்தியைப் போல இருக்கிறது என்று சாந்திக்கு முதன்முதலாக முகம் மலர்ந்தது. பச்சைப் போஞ்சி ஒரு பெரிய கிண்ணத்தில் வந்தது. நிறைய எடுத்துப் போட்டாள். போஞ்சியைக் கிளறியபோது அடியில் பன்றி இறைச்சித் துண்டுகள் இருந்தன. அந்த ஊரில் போஞ்சிக்கு அதுதான் தாளிதம். பக்கத்தில் இருந்த முதியவர், இறைச்சி மிகவும் சிறிதுதானே, பெரும்பகுதி மரக்கறிதானே என்று ஆறுதல் சொன்னார். சாந்தி அன்று பாணும் பழப்பாகும் சாப்பிட்டாள். காரில் ஏறியதும் பெட்டியைத் திறந்து முறுக்கு எடுத்தாள். பிறகு நூறு மைல் வரை காருக்குள் முறுக்கு நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

அன்று என்னிடமிருந்து காரை வாங்கி ஓட்டிய அபி ஒருமுறை தொடங்கிப் பார்த்தாள். ரேத்தோவின் தாய் தகப்பன் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், போவோமா என்று. பின்னிருக்கையில் இருந்து மறுமொழி வந்தது.

"துடக்கு முடியட்டும். பாப்பம்."

அபி கண்ணாடியில் தாயைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தபடி ஓட்டினாள்.

6

ஒஹாயோவில் தங்கிய மோட்டலில்தான் சாந்தி ரைஸ் குக்கரை வெளியே எடுத்தாள். இனிப் பாண் சாப்பிட முடியாது என்று அறிவித்துவிட்டு, கடையில் வாங்கிய அரிசியைக் கழுவிப் போட்டு, அடப்டரைச் செருகினாள். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. நெடுநேரம் காத்திருந்தோம். மூடியைத் திறந்தபோது அரிசி இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. ரேத்தோவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. அபி குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பு வெளியே கேட்டது.

"அமெரிக்காவில கரண்டும் சோம்பேறி," என்றாள் சாந்தி.

நான் வரவேற்பறைக்குப் போய்ச் சுடுதண்ணீர் கேட்டேன். மோட்டலை நடத்துபவர் குஜராத்திப் பெண்மணி. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சாவு என்றதும் அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் கூடாதா, வெங்காயம் கூடாதா என்று மட்டும் விசாரித்தார். சற்று நேரத்தில், வரவேற்பறைக்குப் பின்னால் இருந்த தன் சமையலறையிலிருந்து, பருப்பும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோற்றை ஒரு பாத்திரத்தில் தந்தார். சீரகம் மணத்தது. காசை வாங்க மறுத்தார். தங்கள் வழக்கில் பதின்மூன்று நாள்தான் என்றார்.

அந்தச் சோற்றை நாங்கள் கட்டிலில் இருந்து, மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டோம். நண்பர் தலைப்பில் கேட்ட 'மறக்க முடியாத' என்ற சொல்லுக்குப் பொருத்தமான ஒரே சாப்பாடு அதுதான். அதற்குப் பெயர்ப்பலகையும் இல்லை, படமும் இல்லை. சாந்தி விரலை வழித்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பதின்மூண்டு நாளோ," என்றாள். "அவைக்குச் சுகம்."

வயிறு நிரம்பியதும் அவளுக்கு மூளை வேலைசெய்யத் தொடங்கியது. சிக்காகோச் சிநேகிதிக்கு அழைத்தாள். வீட்டுக்கு வர முடியாது, சரி. ஆனால் ஓர் உணவகத்தில் சந்தித்தால் என்ன? உணவகம் பொது இடம். பொது இடத்துக்குத் துடக்கில்லை. சிநேகிதிக்கும் அது நியாயமாகப் பட்டது. மறுநாள் பின்னேரம் என்று முடிவாயிற்று.

குளித்துவிட்டு வந்த அபி தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆரைப் பாக்கப் போறம்?"

"என்ர சிநேகிதியை."

"அவவின்ர மகனும் வாறாரோ?"

"வந்தால் வரட்டன். சும்மா பாக்கிறதுதானே."

7

இந்தியானாவில் இரண்டு பக்கமும் அறுத்துமுடித்த சோள வயல். நடுவில் ஒரு சிறிய ஊர், அதன் சந்தியில் ஓர் உணவகம். காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். சாந்தி வாட்டிய பாண் சொன்னாள். நான் வேறு வழியில்லாமல் என் றோஸ்டியைச் சொன்னேன். அபி பட்டியலைத் திறக்காமலே ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னாள். இரண்டு முட்டை, பேக்கன் மொறுமொறுப்பாக.

பணிப்பெண் எழுதிக்கொண்டு போனாள். அந்தப் பயணத்தில் அமெரிக்க உணவுப் பட்டியலின் எல்லா ஆபத்தான சொற்களையும் சாந்தி கற்றுவிட்டிருந்தாள்.

"பிள்ளை, துடக்கு," என்றாள்.

"எனக்குத் துடக்கில்லை அம்மா."

"ஏன் இல்லை? அப்பாவின்ர சொந்தப் பெரியப்பாவின்ர மகன். முப்பத்தொண்டும் காக்கவேணும்."

"கலியாணம் கட்டின பிள்ளைக்கு இல்லைத்தானே."

இந்த இடத்தில் பணிப்பெண் கோப்பி ஊற்ற வந்தாள். மூன்று கோப்பைக்கும் ஊற்றி, பால் வேண்டுமா, சீனி வேண்டுமா என்று கேட்டு, ஒருவரும் மறுமொழி சொல்லாததால் இரண்டையும் வைத்துவிட்டுப் போனாள்.

சாந்தி கேட்டது ஒரு சொல்தான். எப்ப?

"ஓகஸ்டில. ஆராவில சிவில்ஸ்டாண்ட்ஸ்அம்டில எழுதிட்டம். இரண்டு சாட்சி. ஃபெர்டிக்." பதிவு அலுவலகத்தின் பெயரையும் முடிந்தது என்பதையும் அவள் ஜெர்மனில்தான் சொன்னாள். அவளுக்கு அந்தக் காரியம் அந்த மொழியில்தான் நடந்திருந்தது. "இஞ்ச வந்து இறங்கின உடன சொல்லத்தான் இருந்தன். அதுக்குள்ள பெரியப்பா செத்திட்டார். செத்த நேரம் எப்பிடிச் சொல்லுறது? மூண்டு வருசம் அம்மா. பாப்பம், பாப்பம். இண்டைக்குப் பின்னேரம் என்னை இன்னொரு ஆளுக்குக் காட்டப் போறியள். இப்பவும் சொல்லாமல் இருக்கேலாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. எழுத்தோட துடக்குப் போகுமோ, போகாதோ?"

அவள் கேட்டது சாஸ்திரம் இல்லை என்பது மேசையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். தாலி ஏறாமல் பெண் வேறு வீட்டாள் ஆவதில்லை என்றால், அவள் முட்டையைத் தொடக்கூடாது. ஆராவில் நடந்தது வெறும் கையெழுத்து. எழுத்தோடு போய்விட்டது என்றால், முட்டையும் அவளுக்கு, ரேத்தோவும் அவளுக்கு. பத்திரிகையில் இருந்த காலத்தில் சைவப் பெரியவர் ஒருவரின் கேள்வி-பதில் பகுதியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியவன் நான்.

"இதுக்கு இரண்டு மறுமொழியும் நாங்கள் போட்டிருக்கிறம்," என்றேன்.

"அப்பா."

"அம்மாட்டைக் கேள்."

தட்டு வந்தது. பேக்கனின் மணம் மேசை முழுவதும் பரவியது. அபி கரண்டியைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தபடி இருந்தாள். சாந்தி தட்டைப் பார்த்தபடி இருந்தாள். முட்டையின் மேலிருந்து எழுந்த ஆவி மெல்ல மெல்லக் குறைந்தது.

பிறகு சாந்தி சொன்னாள். நான் முப்பது வருடமாகக் கேட்டிராத கதை. எழுத்து முடிந்து, நான் சுவிசுக்குத் திரும்பி, அவள் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த காலம். அவளைத் தூக்கி வளர்த்த சித்தப்பா இறந்துபோனார். வீட்டுக்காரர் கூடிக் கதைத்தார்கள். எழுத்து எழுதினவள் இனி எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, அவளுக்குத் துடக்கில்லை. தூதரகத்தில் நேர்முகம் வேறு வரப்போகிறது, துடக்கு வீட்டிலிருந்து அந்த நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். சவம் எடுத்த கையோடு அவளை வெள்ளவத்தையில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகவில்லை.

"அங்க மீன்குழம்பு வைச்சவை," என்றாள். "எல்லாரும் அங்க சித்தப்பாவுக்கு அழுதுகொண்டு இருக்கினம். நான் இஞ்ச மீன் முள்ளு எடுத்துக்கொண்டு இருக்கிறன். கழுத்தில தாலி இல்லை. இவரும் பக்கத்தில இல்லை. அவையும் நீ எங்கட ஆள் இல்லை எண்டிட்டினம்."

தட்டை அபியின் பக்கம் ஒரு விரல் தள்ளினாள்.

"எனக்கு எழுத்தோட போச்சுது. உனக்கும் போயிருக்கும். சாப்பிடு, ஆறப்போகுது."

அபி கரண்டியை எடுத்தாள். ஆனால் முட்டையை வெட்ட அவளால் முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. சாந்திக்கு அது பிடிக்கவில்லை. தீர்ப்பைச் சொன்ன பிறகு அவள் அதன் விளைவுகளுக்குப் போய்விட்டிருந்தாள்.

"விளங்குதோ? நாளைக்கு அப்பாவுக்கு ஒண்டு எண்டால் உனக்கு மூண்டு நாள்தான்."

"முப்பத்தொண்டும் காப்பன் அம்மா."

"மூண்டுதான் முறை."

"நான் முப்பத்தொண்டும் காப்பன்."

"நான் இன்னும் கோப்பி குடிச்சு முடியேல்லை," என்றேன்.

அபி சிரித்தாள். சாந்தி சிரிக்கவில்லை, தொலைபேசியை எடுத்துச் சிக்காகோவுக்கு அழைத்தாள். பின்னேரம் வர வசதிப்படாது, பிள்ளைக்கு எழுத்து முடிந்துவிட்டது என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து எப்போது என்று கேட்டிருக்கவேண்டும். "முந்தியே," என்றாள், தானே முன்னின்று நாள் பார்த்துச் செய்ததுபோல.

நாங்கள் உள்ளே வந்தபோது, எங்கே போகிறீர்கள் என்று பணிப்பெண் கேட்டிருந்தாள். அபி, அம்மா அப்பாவின் திருமண நாளுக்குச் சுற்றுகிறோம் என்று சொல்லியிருந்தாள். அமெரிக்காவில் இதையெல்லாம் சும்மா சொல்லிவிட முடியாது. தட்டுகளை அடுக்கிவிட்டு நாங்கள் எழும்பத் தொடங்கியபோது பணிப்பெண் அப்பிள் பை துண்டு ஒன்றில் மெழுகுதிரி குத்திக் கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து சமையல்காரரும் எட்டிப் பார்த்தார். பணிப்பெண் சாந்தியிடம் எத்தனையாவது ஆண்டு என்று கேட்டாள்.

நானும் அபியும் சாந்தியின் பக்கம் திரும்பினோம். சாந்தி மெழுகுதிரியைப் பார்த்தாள்.

"தேர்ட்டி," என்றாள்.

பிறகு, வழக்கம்போல, அதில் முட்டை இருக்கிறதா என்று விசாரித்தாள். முட்டை இல்லை, ஆனால் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு உண்டு என்று பணிப்பெண் பெருமையோடு சொன்னாள். நானும் சாந்தியும் மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு, தட்டை அபியின் முன்னால் தள்ளினோம். எங்கள் திருமண நாளை முழுவதுமாக அவளே சாப்பிட்டாள். துடக்கில்லாத ஒருத்தி மேசையில் இருந்தது வசதியாகப் போயிற்று.